அரை இஞ்சு பாய் படித்த அறிவியல்

வாழ்நாளில் ஒரு தப்புகூடச் செய்யாத மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? எனக்கு அவர் பக்கத்துக் கடை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய ஒரு தையல் கடையில், முப்பது வருஷத்துக்கு மேலாக பேண்ட் தைக்கிறார். அவர் தப்பே செய்யாதவர் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவரே சொன்னார். தினமும் சொன்னார்.

வீட்டில் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் அரை இஞ்சு பாய். யார் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ திருத்தாமல் விட மாட்டார்.

"நேத்து நல்ல மழ, பாய்."

"நல்ல மழன்னு சொல்ல முடியாது. அரை இஞ்சு கம்மி."

"பஸ்சு வந்துடுச்சா, பாய்?"

"வரல. அரை இஞ்சு இருக்குது."

கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. ஒருமுறை காய்ச்சல் என்று டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவசரமாக உள்ளே வந்த ஒரு பெரியவர், கழுத்தில் தொங்குவதைப் பார்த்துக் குழம்பி, பாயிடம் நாக்கை நீட்டிவிட்டார். பாய் டேப்பை வைத்துப் பார்த்து, "ரெண்டு இஞ்சு, நார்மல்" என்று சொல்லி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரை ஒரு புத்தகம் ஆட்டிப் படைத்த கதைதான் இது.

எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் மக்காச்சோள விதைக்கடை மாடியில் கூடுவோம். பதினோரு பேர். நாற்காலி ஆறு. மீதிப் பேருக்கு விதை மூட்டை. எங்கள் தலைவி மல்லிகா அக்கா, நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடப்போகும் குரலில்தான் கூட்டத்தையே ஆரம்பிப்பார். "யாரும் அசையாதீங்க, அஞ்சே நிமிஷம்."

எந்தப் புத்தகமானாலும் இரண்டு பிரதிதான் வாங்குவோம். அது கை மாறிக்கொண்டே இருக்கும். படிக்கிறவர் பக்க ஓரத்தில் பென்சிலால் தன் கருத்தை எழுதலாம். பேனா கூடாது. கூட்டத்தில் வாய் திறக்காதவர்களுக்காக அக்கா கொண்டுவந்த சட்டம் இது. வாய் திறக்காதவர்கள் என்றால் நான். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும்.

அப்படிப்பட்ட என்னைத்தான் வட்டத்திலேயே அதிகம் பேச வைத்தார்கள். அதற்குக் காரணம், வடக்கனந்தல் தனகோட்டி அண்ணன்.

தனகோட்டி அண்ணன் கரும்பு விவசாயி. அவரும் பாயும் ஒரு காலத்தில் ஒரே சைக்கிளில் சுற்றியவர்கள். இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு பேண்ட். தனகோட்டி அண்ணனின் கல்யாணத்துக்கு பாய்தான் கோட்டும் பேண்ட்டும் தைத்தார். விடிகாலை முகூர்த்தம் முடிந்து, போட்டோ எடுக்க அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், பேண்ட் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது. காலுறை முழுசாகத் தெரிந்தது. பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அளவு தப்பா எடுத்துட்டியேய்யா!" என்றார் மாப்பிள்ளை.

"என் டேப்பு தப்பாது. நீதான் வளந்துட்ட" என்றார் பாய்.

"இருவத்தஞ்சு வயசுலியா? பத்து நாள்லியா?"

"நான் எடுத்த அளவு கரெக்டு. அதுக்கப்புறம் நீ வளந்தா நான் இன்னா பண்ண முடியும்?"

அன்றோடு போச்சு. "வளந்துட்ட" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்து ஊரே பாயைக் கேலி பண்ணியது. பாய் பின்வாங்கவில்லை. மல்லிகா அக்கா வாசகர் வட்டம் ஆரம்பித்தபோது விவரம் தெரியாமல் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். முதலில் விலகுகிறவர் தோற்றவர் என்பதால் இரண்டு பேருமே விலகவில்லை. நடுவில் சுவர் மாதிரி ஒருவர் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன்.

அந்த மாதம் வந்தது ஒரு அறிவியல் புத்தகம். சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுதியவர் ஆசையாக எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். பாய் அவரை அளந்துவிடுவார்.

நாங்கள் அதுவரை படித்த புத்தகங்களுக்கெல்லாம் "அருமை", "சிந்திக்க வைத்தது" என்றுதான் ஓரத்தில் எழுதுவோம். இந்தப் புத்தகம் ஒரு சுற்று முடிந்து வந்தபோது ஓரமே இல்லை. பென்சிலால் கறுத்துப்போயிருந்தது. கூட்டம் சந்தை மாதிரி ஆகிவிட்டது. கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே கொட்டாவி வரும் என்று ஒரு அத்தியாயம். "சும்மா எழுதறாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் அவரே வாயைத் திறந்தார். வரிசையாகப் பதினோரு பேரும் திறந்தோம். கீழே விதை வாங்க வந்தவர் என்ன சத்தம் என்று மேலே வந்து பார்த்து, அவரும் திறந்தார். "கொட்டாவிப் பாடத்த வூட்ல படிச்சிக்குங்க" என்று அக்கா அந்த அத்தியாயத்தையே மூடிவிட்டார்.

பூமி சூடாவதற்கு மாடு விடும் ஏப்பமும் ஒரு காரணம் என்ற பக்கம் வந்ததும் தனகோட்டி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு நாலு மாடு.

"அப்ப வெயிலு ஜாஸ்தியானதுக்கு என் லட்சுமிதான் காரணமா? லாரி இன்னா, பன்னீரா தெளிச்சிக்கினு போவுது?"

அடுத்த பக்கத்தில், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று இருந்தது.

"ஒண்ண வச்சிக்கினு நாம படற பாடு பத்தலியா? மூணுக்கும் மாத்திர யாரு வாங்கறது?" என்றார் அண்ணன்.

பாய் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, சில பேருக்கு ஒண்ணுகூட இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க."

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். "அண்ணே, பாய் வந்து..."

"கேட்டுச்சு. எனக்கு இதயந்தான் இல்ல, காது இருக்குதுன்னு சொல்லுங்க."

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். "பாய், அண்ணன் வந்து..."

"கேட்டுச்சு."

இருவருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் நான் திரும்பி, தொண்டையைச் செருமி, ஆரம்பித்தால்தான் மறுபதில் வரும். கூட்டம் முடியும்போது எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும். பாய் என் கடைக்குள் ஓடிவந்தார். நடந்துவரவில்லை, ஓடிவந்தார். கையில் அந்தப் புத்தகம். விரலை ஒரு பக்கத்தில் கொடுத்து வைத்திருந்தார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"தம்பி! படிங்க! சத்தமா படிங்க!"

படித்தேன். காலையில் எழும்போது இருக்கிற உயரம் மாலையில் நமக்கு இருப்பதில்லை, நாள் முழுக்க நின்று நடந்து சுமை தூக்கிக் கொஞ்சம் குறைந்துவிடுகிறோம், ராத்திரி படுத்து எழுந்தால் மறுபடி வளர்ந்துவிடுகிறோம் என்று இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போவது நல்லது என்று கடைசியில் ஒரு யோசனை வேறு.

"நான் அளவு எடுத்தது எப்ப? சாயங்காலம்! அவன் நாள் பூரா கரும்பு ஏத்திட்டு வந்து நின்னான். போட்டோ எப்ப? விடியக்காலைல! வளந்துட்டான் தம்பி, வளந்துட்டான்! இருவத்தெட்டு வருஷமா நான் சொன்னது சயின்சு!"

எனக்கும் மயிர் கூச்செறிந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் ஜெராக்ஸ் மெஷினையே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

"இந்தப் பக்கத்த அம்பது காப்பி போடுங்க. ஞாயித்துக்கிழம மலையில கூட்டம் இருக்குது இல்ல? அங்க குடுக்கறேன். மீதிய வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்புல நின்னு குடுக்கறேன்."

மாதக் கூட்டம் போக, வருஷத்துக்கு ஒரு கூட்டம் கல்வராயன் மலையில் வைப்பது எங்கள் வழக்கம். சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து காப்பிகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி பாய் போனார்.

புத்தகத்தைக் கண்ணாடி மேல் கவிழ்க்கும்போதுதான் பக்கம் புரண்டு அதன் மறுபுறம் என் கண்ணில் பட்டது. இந்தக் குறைவு முழுக்க முதுகெலும்பில்தான், எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டுகள்தான் அமுங்குகின்றன, கால் எலும்பு காலையிலும் மாலையிலும் ஒரே அளவுதான் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

பேண்ட்டுக்கு முதுகெலும்பு ஏது?

மெஷின் சூடாகி, பச்சை விளக்கு எரிந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்த மனிதரின் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடுமே! சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்த வாயால் சொல்வேன்? கடைசியில் ஐம்பது காப்பியையும் முன்னும் பின்னுமாகப் போட்டு, கட்டி வைத்தேன்.

வந்தவர் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் போட்டீங்களா?"

"ஆமா பாய்."

"எதுக்கு?"

"இருக்கட்டும்னு..."

போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பக்கத்துக் கடையில் தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கே டீக்கடையில் நின்று வருகிறவர் போகிறவரை அளந்தார். சாயங்காலம் அதே ஆட்களைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார். "பாய்க்குத் தீபாவளி ஆர்டரு இப்பவே வந்துடுச்சு போலிருக்குது" என்றார்கள். சந்தோஷத்தில் செய்கிறார் என்றே நானும் நினைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அளவு நோட்டோடு என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"இருவத்திமூணு பேரு. ஒசரம் எல்லாருக்கும் கம்மியாவுது. புத்தகம் கரெக்டு." நோட்டை மூடினார். "கால் நீளம் ஒருத்தனுக்குக்கூட ஒரு நூல் கம்மியாவல. அதுவும் கரெக்டு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பின்பக்கத்த நீங்க அப்பவே படிச்சிட்டீங்க இல்ல?"

"ஆமா பாய்."

"வாயில சொல்லியிருக்கலாமே."

"வரல பாய்."

மூடிய நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "அப்ப இருவத்தெட்டு வருஷமா நான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழம மலைக்கு நான் வரல தம்பி. அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கையில் அந்தக் கட்டு. என்ன செய்யப்போகிறார்? முன்பக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வடக்கனந்தலில் தனகோட்டி அண்ணன் ஏறினார். மூன்று பேர் சீட்டில் நடுவில் நான். மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை பாய் என் மேல் சாய்ந்தார், ஒருமுறை அண்ணன் சாய்ந்தார். இருவருமே என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

மலை மேலுள்ள வெள்ளிமலையில் இறங்கியதும் டீ. உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அதை மட்டும் பாய் மறக்கவில்லை.

"இங்க டீ சூடு கம்மியாத்தான் இருக்கும்" என்றார்.

டீக்கடை அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது?"

"சயின்சு."

"அத கூட்டியாங்க, ஒரு டீ குடுக்கறேன்."

பாய் ஊதாமல் ஒரே மடக்காகக் குடித்தார். அப்புறம் அவர் ஆடிய ஆட்டத்தில் டீக்கடை நாய் எழுந்து தள்ளிப் படுத்தது. "கொஞ்சம் கம்மின்னுதான பாய் போட்டிருக்குது, மோருன்னா போட்டிருக்குது?" என்று மல்லிகா அக்கா தண்ணீரை ஊற்றிக்கொண்டே திட்டினார். நாக்கு சுட்டு, நன்றாகப் பொத்துவிட்டது.

மரத்தடியில் கூட்டம் ஆரம்பித்தது. அக்கா ஆரம்பித்த அந்த அசையாத ஐந்து நிமிஷம் முடிந்ததும், பாய் எழுந்தார். ஆளுக்கொரு காப்பி கொடுத்தார். தனகோட்டி அண்ணனுக்கு மட்டும் நான் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் நீட்டினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, சுற்றி வந்து, அவர் மடியில் தானே வைத்தார்.

"ஃபின்ஃபக்கம் ஃபடிங்க" என்றார். நாக்கு வேலை செய்யவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. எனக்கு ஃபேச வதல."

நான் எழுந்தேன். இந்தப் பக்கம் திரும்பி, "அண்ணே, பாய் வந்து..." என்றேன்.

தனகோட்டி அண்ணன் கையை உயர்த்தினார். "நீங்க உக்காருங்க தம்பி. இன்னா சொல்லணுமோ அவரு வாயால சொல்லட்டும்."

நான் உட்கார்ந்தேன். எங்கள் பத்துப் பேரின் பார்வையும் பாய் மேல் இருந்தது. அவர் நாக்கை ஒருமுறை உள்ளே சுழற்றிக்கொண்டார்.

"காலு வளதாது" என்றார் மெதுவாக. "முதுகுதான் வளதும். இதுவத்திமூணு ஃபேத அளந்து ஃபாத்துட்டேன். உனக்குக் காலு வளதல தனகோட்டி. நாந்தான் தஃபா வெட்டிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்த உச்சரிப்புக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தனகோட்டி அண்ணன் காப்பியை மடித்தார். மறுபடி மடித்தார். எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா வெட்டுனது எனக்கு அன்னிக்கே தெரியும்யா" என்றார். "பேண்ட்டுக்காகவா இத்தினி வருஷம் உங்கிட்ட பேசாம இருந்தேன்? என்ன கட்டிக்கினு வந்த அந்தப் பொண்ணு, கல்யாணத்துக்கு மொத நாள்லேர்ந்து அழுதுக்கினே இருந்துச்சு, ஆயி அப்பன வுட்டு வரணுமேன்னு. என் பேண்ட்ட பாத்துதான் சிரிச்சிச்சு. எங்க வூட்டு ஆல்பத்துல அவ சிரிக்கிற போட்டோ அது ஒண்ணுதான். இன்னிக்கும் அத பாத்தா சிரிப்பா. அதுக்கு உனக்கு நான் ஒரு சட்டத் துணி எடுத்துக் குடுத்திருப்பேன்."

"அஃபுதம் எதுக்குய்யா சண்ட?"

"தப்புன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? ஒரே ஒரு வார்த்த! வளந்துட்டன்னு சொல்லிட்ட. அத்தினி பேரு முன்னால."

பாய் அப்படியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சொல்லாம வுட்டுட்டேன்" என்றார். "அஃபால நாளு ஜாஸ்தியாயிடுச்சு. எஃபடி சொல்ததுன்னு தெதியல."

மல்லிகா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம்தான் அந்த ஊசி போடும் குரலில், "சரி, வலி தெரியலயே? அவ்ளோதான், முடிஞ்சுது" என்றார். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். பத்தில் நானும் உண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரு சீட்டு. எனக்கு முன் சீட்டு. இருபத்தெட்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது இல்லையா? யார் வீட்டில் என்ன விசேஷம், எந்த வருஷம் கிணறு வற்றியது, யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தது என்று, பொத்த நாக்கோடு பாய் கேட்க, அண்ணன் சொல்ல, நடுநடுவே அண்ணன் சொன்னதை பாய் திருத்த, வடக்கனந்தல் வந்து போனது. அண்ணன் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதியதும் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி வந்துதான் விழித்துக்கொண்டார்கள். சரி, உன்னை விட்டுவிட்டு வருகிறேன் என்று பாயும் அவரோடு வடக்கனந்தல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தம்பி, காலைல வர லேட்டாவும். யாருனா அளவு குடுக்க வந்தா உக்காத்தி வைங்க."

மறுநாள் காலை ஐந்து பேர் வந்தார்கள். பாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஆட்களை உட்கார வைத்துப் பேசுவதென்றால் சாதாரண நாளில் நான் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பேன். அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. நாலு பேருக்கு ஸ்டூல் போட்டேன், ஒருவருக்கு என் நாற்காலியைக் கொடுத்தேன். டீ சொன்னேன். டாக்டரைப் பார்க்கப் போய் நாக்கு அளந்த கதையில் ஆரம்பித்து மலையில் நடந்தது வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஒருவரும் எழுந்துபோகவில்லை. பதினொரு மணிக்கு பாய் வந்து நின்றபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் சேர்ந்து ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைப் பற்றி என்றால் எனக்குப் பேச வருகிறது.